கோழிக்குத் தூங்கத் தெரியாதாமா!

ஏங்கண்ணு, மூஞ்சி ஏன் இப்படித் தொங்கிக் கெடக்குது? கோழி கம்புல ஏற மாட்டேங்குதா? அட என்ற சாமி! பேங்க்குல இருந்து ஜப்தி நோட்டீசு வந்துருச்சோன்னு நான் பயந்தே போயிட்டேன்.

உக்காரு. கயித்துக் கட்டல்தான். பேண்டு கசங்குனா கசங்கிட்டுப் போவுது.

உன்ற கோழி ஊட்டைப் பாத்துட்டுத்தான் வந்தேன். கோழி ஊடா அது? மேலால கலர் ஷீட்டு. செவுத்துக்குப் பச்சைப் பெயின்ட்டு. வாசல்ல பலகை, அதுல இங்கிலீசுல பேரு. கோழிக்குப் படிக்கத் தெரியாது, சரி. கீரிப்பிள்ளைக்குத் தெரியுமா? வெளிச்சம் மங்குனா அதுவா மூடிக்கற கதவு. மூலைக்கு மூலை கேமரா. உள்ளார போனா, ஆன்லைன் கிளாசுல குடுத்த சர்ட்டிபிகேட்டுக்குப் பிரேம் போட்டு மாட்டிருக்கறே. ஒரு கோழியாச்சும் அதை அண்ணாந்து பாத்துச்சா?

இத்தனையும் பண்ணிப்போட்டு, நடுவால ரெண்டு ஸ்டீல் பைப்பைக் குறுக்க வெச்சிருக்கறே. பைப்பு பளபளன்னு இருக்குது. ஒரு சொட்டு எச்சம் இல்லை. அதுலயே தெரியுதல்லொ, ஒண்ணும் ஏறலைன்னு? கோழிக பாதி மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படுத்துக் கெடக்குது. மீதி முட்டைப் பொட்டிக்குள்ளார. அதுகளைப் பாத்துப் பாத்து நீ தூங்காம அலையறே. உன்ற கையில கட்டிருக்கற வாட்ச்சு நீ எத்தனை மணி நேரம் தூங்குனேன்னு சொல்லுமாமா. தூங்குனவனுக்கே தெரியாத சங்கதி வாட்ச்சுக்குத் தெரியுது! கோழிக்கும் ஒண்ணு வாங்கி மாட்டிப்போடாத.

கோழி யாருன்னு நெனைச்சே? காட்டுப் பொறப்பு. செவப்புக் காட்டுக்கோழின்னு ஒண்ணு வடக்கயும் கெழக்கயும் காடுகள்ல திரியுது. ஊட்டுக்கோழிக்கு அதுதான் பாட்டன் பூட்டன். நம்ம ஆனைமலைப் பக்கம் இருக்கறது சாம்பல் காட்டுக்கோழி. அது பங்காளி மொறை. ரெண்டும் பகல் பூரா கீழால கெளறும். பொழுது வுழுந்தா மரத்து மேல போயிரும். ஏன்? கோழிக்கு இருட்டுல கண்ணு தெரியாது. கண்ணு தெரியாதவன், நரியும் காட்டுப்பூனையும் நடமாடற தரையில படுப்பானா? எத்தனையோ ஆயிரம் வருசமா ஏறிப் படுத்த எனம் அது. அதுக்கு நீ கிளாசு எடுக்கறயா?

தரையில படுத்தா என்ன கெட்டுப்போச்சுன்னு கேளேன். நல்ல கேள்விதான். கோழி ராத்திரி பூரா எச்சம் போடும். கம்புல இருந்தா எச்சம் கீழால வுழும், கோழி மேலால இருக்கும். தரையில படுத்தா அது போட்டது மேலயே அது படுக்கோணும். ஈரமான எச்சத்துலதான் ரத்தக்கழிச்சலுக்கு உண்டான கிருமி வளருது. குஞ்சுக மூலையில குமிஞ்சு படுத்தா, அடியில இருக்கறது மூச்சு முட்டிச் செத்தும் போவும். முட்டைப் பொட்டியில படுத்தாலோ வெடியால முட்டை பூரா எச்சம். நாட்டுக்கோழி முட்டைன்னு சொல்லி வெலை எச்சா கேக்கறயே, அந்த முட்டையைத் தொடைச்சுத் தொடைச்சே உன்ற கை தேஞ்சு போவும்.

பொழுதோட எங்க பொடக்காளிக்கு ஒருக்கா வா. செல்போனை ஊட்டுலயே வெச்சுட்டு வா. அந்தச் செவலைப் பெட்டையை மட்டும் பாரு. பூவரசுக்குக் கீழால வந்து நிக்கும். தலையைச் சாச்சு ஒரு கண்ணுல மேல பாக்கும். அப்பறம் அந்தப் பக்கம் சாச்சு மறு கண்ணுல பாக்கும். காலை மடக்கி, எத்தறாப்புல குனியும். எத்தாது. ரெண்டு எட்டு நகுந்து நின்னு மறுக்கா அளக்கும். திடீர்னு ஒரு எத்து, கட்டுத்தாரைச் செவுத்து மேல நிக்கும். அங்கிருந்து பழைய வண்டியோட நொகத்தடி. அங்க நின்னு றெக்கையை ஒழுங்கு பண்ணும். அப்பறந்தான் கெளை. மேல போயும் சும்மா இருக்காது. பக்கத்துல இருக்கறது தலையில ஒரு கொத்து. எடம் கெடைச்சதும் பாதத்தைப் பரப்பி, முட்டியை மடக்கி, நெஞ்சைக் கெளை மேல அமுத்தும். வெரல் அத்தனையும் வவுத்து இறகுக்கு உள்ளார போயிரும். கொஞ்ச நேரத்துல ஒரு கண்ணை மூடும். மறு கண்ணு தொறந்தே இருக்கும். பாதி தூக்கம், பாதி காவல்.

இதுல எத்தனை படி எண்ணுனயா? செவுரு, நொகத்தடி, கெளை. உன்ற ஊட்டுல? தரை. அப்பறம் நாலடி ஒசரத்துல பைப்பு. நடுவால ஒண்ணும் இல்லை. உன்ற ஊட்டு மாடிக்கு நீ படிக்கட்டு வெச்சுத்தானே கட்டிருக்கறே? இல்லை, எத்திக் குதிச்சுத்தான் போறயா?

அது போவுது, நீ வாங்கிட்டு வந்திருக்கறது எந்தக் கோழி? எனக்கு எண்ணிச் சொல்லத் தெரியும். வனராஜா கொஞ்சம். சிறுவிடை கொஞ்சம். ரெண்டு பிராமா. கூடவே பட்டு நூலைப் பிரிச்சு ஒட்டுன மாதிரி வெள்ளையா ஒரு சோடி, சில்க்கியாமா. சோடி என்ன வெலைன்னு சொல்லாத. நான் இனிமேத்தான் சோறு உங்கோணும்.

சிறுவிடைக்கு நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். கதவைத் தொறந்து வுட்டா உன்ற கலர் ஷீட்டு மேலயே ஏறி உக்காந்துக்கும். வனராஜாவுக்கு ஒடம்பு எச்சு, ஆனாப் படி வெச்சா ஏறும். பிராமா ஒடம்பைத் தூக்கறதே அதுக்குப் பெரிய சோலி. அதை நாலடி ஒசரத்துல ஏத்தி வெச்சாலும், வெடியால தொப்புன்னு குதிக்கறப்ப காலடியில அடிபட்டு, புண்ணாயி, கட்டி கட்டிக்கும். அதுக்கு 1 அடி, ஒண்ணரை அடி ஒசரம் போதும். சில்க்கி பறக்கவே பறக்காது. அதோட இறகுல பறக்கறதுக்கான பிடிப்பே இல்லை. அது கூட்டமாத் தரையில படுக்கறதுதான் வழக்கம். அதுக்குக் காஞ்ச வக்கப்புல்லு போட்டு, ஒரு சாண் ஒசரத்துல ஒரு பலகை வெச்சுட்டு வுட்டுப்போடு. ஏறுனா ஏறட்டும். அழகுக்கு வாங்கிப்போட்டு அதுகிட்டப் பறக்கச் சொன்னா எப்படி?

நாமக்கல் பக்கம் பண்ணையில முட்டை வுட்டு ஓஞ்ச வெள்ளைக் கோழியைச் சில பேரு இரக்கப்பட்டு வாங்கியாந்து வுடறாங்க. அது கம்பிக் கூண்டுலயே காலத்தை ஓட்டுனது. கம்புன்னு ஒண்ணைக் கண்ணால பாத்திருக்காது. அதுகிட்டயும் ரோசப்படக் கூடாது. ஐரோப்பாவுல இதுக்குன்னு சட்டமே போட்டாங்க. 1999-ல எழுதி, 2012 சனவரியில இருந்து வெறுங்கூண்டு ஆகாதுன்னு நிறுத்திப்போட்டாங்க. ஒவ்வொரு கோழிக்கும் 15 செ.மீ. கம்பு குடுக்கோணும்னு அதுல கணக்கு இருக்குது. கோழி உக்காரக் குச்சி வேணும்ங்கறதை அத்தனை நாட்டுப் பெரிய மனுசங்க கூடி உக்காந்து பேசி முடிவு பண்ணிருக்கறாங்க. எங்க ஆத்தாளைக் கேட்டிருந்தா வெத்தலை போடற நேரத்துல சொல்லிருப்பா. ஆனா 15 செ.மீ. நெருக்கந்தான். நம்ம வெக்கைக்கு ஒரு கோழிக்கு 8 அங்குலத்துல இருந்து 10 அங்குலம் வுடு. மழைக் காலத்துல அதுகளே நெருங்கி உக்காந்துக்கும்.

இப்ப முக்கியமான சங்கதி. உன்ற கோழிக்கு ஆத்தா இல்லை.

சிரிக்காத. கோழி குஞ்சைப் பொரிச்சா, கொஞ்ச நாளைக்குத் தரையிலயே குஞ்சுகளை றெக்கைக்குள்ளார வெச்சுட்டுப் படுக்கும். கம்பை நெனைச்சும் பாக்காது. குஞ்சுக்கு றெக்கை முளைச்சு, ஒண்ணரை ரெண்டு மாசம் ஆவறப்ப, ஒரு நா பொழுதோட ஆத்தாக்கோழி மேல ஏறிட்டுக் கூப்புடும். கீழால குஞ்சுக கத்தும் பாரு, ஊரே கூடும். ஆத்தா எறங்கி வராது. ரெண்டு மூணு தத்தித் தத்தி ஏறும். மத்தது கீழயே நின்னு அழுவும். மறுநா இன்னும் ரெண்டு ஏறும். அவ்வளவுதான் பாடம். கிளாசு முடிஞ்சுது.

உன்ற குஞ்சு எங்க பொரிச்சுது? மிசின்ல. அட்டைப் பொட்டியில வந்துச்சு. நீ பல்பைப் போட்டு, உமியைப் பரப்பி, தகரத்துக்குள்ளார வெச்சு வளத்துனே. பல்பு ஏறி உக்காந்து கூப்புடுமா? அந்தக் குஞ்சுக்கு மேலன்னு ஒரு தெசை இருக்கறதே தெரியாது. இனிமேப் புதுக் குஞ்சு வாங்குனா, மூணு நாலு வாரம் ஆவறப்பவே ஒரு கம்பைக் கையகல ஒசரத்துல அந்தத் தகரத்துக்குள்ள வெச்சுடு. வெளையாட்டுக்கு ஏறும், வுழும், ஏறும். சின்னதுல ஏறிப் பழகுன கோழி பெருசாயிப் பொட்டியைத் தேடிப் போயும் முட்டை வெக்கும். ஏறாம வளந்தது கண்ட மூலையில வெக்கும்.

அப்ப அந்தக் காலத்துல கொடாப்பைப் போட்டுக் கவுத்துத்தானே வெச்சீங்க, அதுல கம்பு இருந்துச்சான்னு கேக்கப் போறே. உன்ற மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. கொடாப்பு குஞ்சுக்கோழிக்கும், கண்ட எடத்துல முட்டை வெக்கற திருட்டுக் கோழிக்கும். வெடியால எடுத்துச் சாம்பலைப் போட்டுக் கூட்டி, அடுத்த நா வேற எடத்துல கவுத்துவாங்க. ஒரே எடத்துல மாசக்கணக்கா வெச்சு, நாத்தம் அடிக்குதுன்னு ரூம் பிரெஷ்னர் வாங்குனது இல்லை. பெருங்கோழியெல்லாம் மரத்துலதான். மரத்துலயும் மரநாய் வந்து ஒண்ணு ரெண்டைத் தூக்கிட்டுப் போவும். நான் ஒண்ணும் அந்தக் காலமே சொர்க்கம்னு சொல்லலை. கூடு கட்டுனது நல்ல சோலிதான். கட்டுனவன் கோழியைக் கேட்டுக் கட்டிருக்கோணும்.

அந்த ஸ்டீல் பைப்பைக் கழட்டு. மொதல் காரியம் அது. வழுக்கற பைப்பைப் புடிச்சுட்டு ராத்திரி பூரா தொங்கறதுக்கு அது என்ன வவ்வாலா? பிளாஸ்டிக் பைப்பும் வேண்டாம். ஆத்துரத்துல மெல்லிசான கம்பியைக் கட்டிப்போடாத, பாதத்துல அறுக்கும். மரந்தான் வேணும். மம்முட்டிப் புடி கனத்துக்கு வேப்பங்கம்போ பூவரசங்கம்போ வெட்டு. மரக்கடையில வாங்கறதுன்னா 2 அங்குல ரீப்பர் கட்டை வாங்கி, மேல்பக்கத்து மொனையை மட்டும் ஆசாரிகிட்டக் குடுத்து இழைப்புளியில தள்ளிக்கோ. கோழி வெரலைச் சுத்திப் புடிச்சுட்டு நிக்கறதில்லை, பாதத்தைப் பரப்பித்தான் உக்காருது. அதனால மேல கொஞ்சம் அகலம் வேணும். கூரு இருக்கக் கூடாது. பட்டையோட வெச்சா நல்ல புடிப்பு. ஆனாப் பட்டை உரிய ஆரம்பிச்சா செதுக்கி எறிஞ்சுடு. அதுக்குக் காரணம் அப்பறம் சொல்றேன்.

மூங்கிலு லேசு, சல்லிசு, கையில கெடைக்கும். ஆனா அதுல ஓட்டை இருக்குது. அதையும் அப்பறம் சொல்றேன்.

கம்பு ஆடக் கூடாது. உருளவே கூடாது. ஏறுன ஒடனே கம்பு ஒரு சுத்து சுத்துச்சுன்னா, அந்தக் கோழி அப்பறம் ஏறுமா? நீ ஒருக்கா வாழப்பழத் தோலுல வழுக்குனா அந்த வீதியையே மறந்துருவே. ரெண்டு பக்கமும் செவுத்துல காடி வெட்டி, கம்பை அதுல எறக்கி வெய்யி. ஆணி அடிக்காத. வாரத்துல ஒருக்கா உருவி எடுத்து வெயில்ல போடறாப்புல இருக்கோணும். செவுத்துல இருந்து 1 அடி தள்ளி வெய்யி, வாலு இடிக்காது. கம்புக்குக் கம்பு 1 அடி எடை வுடு. ரெண்டு கம்பும் ஒரே ஒசரத்துல இருக்கட்டும். ஒண்ணு மேல ஒண்ணு நேரா வெச்சா மேல இருக்கறது எச்சம் கீழ இருக்கறது தலையில வுழும். தண்ணிக் குண்டாவும் தீவனமும் கம்புக்குக் கீழால இருக்கவே கூடாது. உன்ற ஊட்டுல அங்கதான் இருக்குது, பாத்தேன்.

ஒசரத்துலதான் நீ கோட்டை வுட்டே. நாலடியில பைப்பு. அதுக்கு எதுத்தாப்புல அஞ்சடியில செவுத்துல முட்டைப் பொட்டி. பொட்டிக்கு ஏற அழகா ஒரு ஏணி, அதுக்குப் பெயின்ட்டு வேற. கோழிக்கு ஒரே கணக்குதான். ராத்திரிக்கு எது ஒசரமோ அது நம்ம எடம். நீயே ஒசரத்துல பொட்டியை வெச்சு, ஏணியும் போட்டு, மெத்துன்னு வக்கப்புல்லையும் பரப்பிப்போட்டு, "ஏன் பொட்டியில படுக்கறே"ன்னு அதைத் திட்டறே. கோழி சொன்ன பேச்சைத்தான் கேட்டிருக்குது. பொட்டியைக் கீழ எறக்கு. தரையில இருந்து 1 அடி, ஒண்ணரை அடி போதும். கம்பு அதுக்கு மேல ஒரு முழம் ஒசரத்துல இருக்கட்டும். அந்த ஏணியைக் கொண்டுபோயிக் கம்புகிட்டச் சாத்து. பெயின்ட்டு வீணாப் போவாது.

வெளக்கு. அந்த வெள்ளை எல்இடியை ராத்திரி பூரா எரிய வுடறயாமா? கேமராவுக்குத் தெரியோணும்னா? கோழிக்குப் பொழுது வுழுந்தாத்தான் ஏறோணும்னு தோணும். உன்ற கூட்டுல பொழுதே வுழறதில்லை. அப்பறம் எதுக்கு ஏறும்? அதைவுடப் பெரிய அக்கப்போரு, திடீர்னு அணைக்கறது. பளீர்னு எரிஞ்சது பொசுக்குன்னு அணைஞ்சா, நின்ன எடத்துலயே நிக்கும். கண்ணு தெரியாதல்லொ? முட்டைக்காக வெளிச்சம் எச்சா வேணும்னா வெடியால போட்டுக்கோ. சாயங்காலத்தைச் சூரியன்கிட்டயே வுட்டுடு. அது நெம்ப நாளா அந்தச் சோலியைப் பாத்துட்டு இருக்குது. கதவும் அப்படித்தான். மெசினு தன்ற கணக்குக்கு மூடிக்கும். வெளிய ஒண்ணு நின்னுட்டு இருக்குதான்னு அதுக்கு என்ன தெரியும்? நீ போயி ஒருக்கா எண்ணிட்டு மூடு. அந்த நடையாவது உன்ற வாட்ச்சுல ஏறட்டும்.

இதெல்லாம் சரி பண்ணியும் ரெண்டு மூணு மட்டும் கீழயே நிக்கும். ஏன் தெரியுமா? மேல இருக்கறதுக வுடாது. கல்யாண ஊட்டுல மொதப் பந்தியில சம்பந்தி சனம் உக்காந்துட்டா, பக்கத்து எலையில நம்மளை உக்கார வுடுவாங்களா? கோழியில அந்த வரிசை கண்டிசன். எது எதைக் கொத்தலாம், எது எதுகிட்டக் கொத்து வாங்கோணும்னு அதுகளுக்குள்ள கணக்கு இருக்குது. நார்வே நாட்டுல ஷெல்டெருப் எப்பேன்னு ஒருத்தரு, சின்னப் பையனா இருந்தப்ப இருந்தே கோழிக கொத்தறதைப் பாத்துக் குறிச்சு வெச்சாராமா. 1921-ல அதையே எழுதி டாக்டர் பட்டம் வாங்கிப்போட்டாரு. எங்க ஆத்தா ஆயுசு பூரா அதையேதான் பாத்துட்டு இருந்தா. அவளுக்கு யாரும் பட்டம் குடுக்கலை. அந்த மனுசன் பாத்தது நெசம், அதுல கொறை இல்லை. உனக்கு அதுல இருக்கற சேதி என்னன்னா, கம்பு கணக்கா அளந்து வெச்சாப் பத்தாது. ஒரு கம்பு எச்சாப் போடு. கொத்து வாங்கறதுக்கு ஒதுங்க எடம் வேணும். புதுக் கோழியைப் பட்டப்பகல்ல கொண்டாந்து நடுவால வுடாத. இருட்டுன பொறவு கம்புல ஓரமா வெச்சுட்டு வந்துடு. கொத்து நின்னு போவாது. ஆனா மொத ராத்திரியாவது ஒரு எடம் கெடைக்கும்.

இன்னொண்ணு இருக்குது. ஏறிட்டு இருந்த கோழி திடீர்னு ஏற மாட்டேங்குதுன்னா, அதைத் திட்டாத. கம்பைப் பாரு. செள்ளு புடிச்சிருக்கும். கோழிச்செள்ளு பகல்ல கோழி மேல இருக்காது. கம்புக்கு அடியில, பட்டை இடுக்குல, காடியில, ஆணி ஓட்டையில, மூங்கில் ஓட்டையில ஒளிஞ்சுக்கும். அதுக்குத்தான் அப்பறம் சொல்றேன்னேன். ராத்திரி ஆனா வெளிய வந்து ஏறி ரத்தத்தைக் குடிக்கும். பசியா இருக்கறது சாம்பல் நெறம். குடிச்சது செவப்பு. பகல்ல பாத்துப்போட்டு "ஒண்ணும் இல்லையே"ம்பே. ராத்திரி போயி, ஒரு வெள்ளைத் துணியைக் கம்புக்கு அடிப்பக்கம் தேச்சுப் பாரு. துணியில ரத்தக் கறை வந்துச்சுன்னா அதுதான். ராத்திரியில உன்னை ஒருத்தன் ரத்தம் உறிஞ்சறான்னா நீ அந்தக் கட்டல்ல படுப்பியா? கோழி புத்தியாத்தான் கீழ எறங்கிருக்குது.

கம்பை உருவிக் கொதிக்கற தண்ணி ஊத்து. வெயில்ல நல்லாக் காய வுடு. இடுக்கு, காடி அத்தனையிலயும் வேப்பெண்ணெயைத் தடவு. கூட்டை வழிச்சு எடுத்துப் புதுசா உமி போடு. ஒருக்கா பண்ணுனாப் போவாது, முட்டை பொரிச்சு மறுக்கா வரும். வாரம் ஒருக்காப் பண்ணிட்டே இரு. ஒரு மூலையில அடுப்புச் சாம்பலும் காஞ்ச மண்ணும் கலந்து குழியில போட்டு வெய்யி. கோழி அதுல பொரண்டு அதுவே தன்னைத் தொடைச்சுக்கும். அதுக்கும் பண்டம் விக்கறாங்களாமா? பாக்கெட்டுல, கோழிக்குக் குளியல் பொடி? வாங்கு வாங்கு. உன்ற ஊட்டு அடுப்புல சாம்பல் இல்லைங்கறது எனக்கும் தெரியும். நம்ம அடுப்புல இருக்குது, ஒரு சாக்கு எடுத்துட்டுப் போ.

எல்லாம் சரி பண்ணியாச்சு, அப்பவும் பழக்கதோசத்துல பொட்டிக்குத்தான் போவுதா? கையில தூக்கி வெக்கோணும். அவ்வளவுதான் அந்தப் பெரிய வித்தை. பொழுதோட பொட்டி வாசலுக்குச் சாக்கைத் தொங்க வுட்டு மூடு. வெடியால மறக்காம எடு, இல்லீன்னா முட்டை எங்க போவும்? நல்லா இருட்டுன பொறவு போ. செல்போன் லைட்டை மூஞ்சியில அடிக்காத. லைட்டு மேல துணியைச் சுத்திக்கோ. இருட்டுல கோழி சொன்ன பேச்சு கேக்கும். பகல்ல நீ ஊரு பூரா துரத்துன அதே கோழி, ராத்திரியில கையில வெச்சாப் பொம்மை. தடுப்பூசி போட வர்றவங்ககூட வெடியால கூட்டைத் தொறக்கறதுக்கு முந்தி வர்றது அதுக்குத்தான்.

ரெண்டு கையாலயும் றெக்கையை ஒடம்போட சேத்துப் புடி. காலைப் புடிச்சுத் தூக்காத, கறிக்கடைக்கா போவுது? நெஞ்சு கம்புல படறாப்புல மெதுவா முன்னால கொண்டுபோ. காலு தானாக் கம்பைத் தேடும். வெரலு கம்பு மேல பரவறது உன்ற கைக்கே தெரியும். அப்பவும் ஒடனே வுட்டுப்போடாத. ஒடம்புப் பாரம் கம்புல எறங்கறவரைக்கும் புடிச்சிரு. ஒடம்பு எறங்குச்சுன்னா, அலுங்காம கையை எடுத்துட்டு, பேசாம வெளிய வா. "குட் நைட்"டெல்லாம் சொல்ல வேண்டாம். கீழ குதிச்சா மறுக்கா தூக்கி வெய்யி. ஒரு பத்து நா அப்படிப் பண்ணு. கூட்டத்துல ரெண்டு பழகிடுச்சுன்னா, மத்தது அதைப் பாத்து ஏறும். ஏறாம நிக்கறதைத் தெனமும் தூக்கு. சோம்பல் பட்டாப் போச்சு.

இன்னொரு சேதி. சாயங்காலம் கொஞ்சம் கம்போ சோளமோ கூட்டுக்குள்ளாரயே எறைச்சுடு. பொழுதுக்கு முந்தியே உள்ளார வந்து சேரும். இரைப்பை ரொம்பிருச்சுன்னா ஏறி உக்கார்ற நெனைப்பு தானா வரும். புதுக் கூட்டுக்கு மாத்துனா, கொஞ்ச நாளைக்கு வெளிய வுடாம அடைச்சே வெய்யி. எங்க போயி அடையோணும்னு ஒடம்புல பதியோணும். பதிஞ்சிருச்சுன்னா அப்பறம் நீ வெரட்டுனாக்கூட அங்கதான் வரும்.

என்ன நோட்டுல எழுதறே? எழுது எழுது. தலைப்பு என்ன? "ரூஸ்டிங் புரோட்டோக்காலா"? நல்லாருக்குது. அடுத்த கிளாசை நீயே எடுப்பே போலிருக்குது. எங்க ஆத்தா பேரைக் கீழால போட்டுரு, பீசுல பாதியைக் கோயிலுக்கு எழுதி வெச்சுடலாம்.

செரி, கடைசியா ஒண்ணு கேளு. உனக்கு வேணும்னா அந்தச் செவலைப் பெட்டையை ஒரு மாசத்துக்குத் தாட்டி வுடறேன். முட்டை ஓயற வயசுதான், ஆனா ஏறறதுல வாத்தியார். ஒரு ரெண்டு வாரம் மத்த கோழி கண்ணுல படறாப்புல தனியா வெச்சுப் பாத்துட்டு, சீக்கு எதுவும் இல்லீன்னா, இருட்டுல கம்புல கொண்டுபோயி வெய்யி. அது ஏறறதைப் பாத்து உன்றதுகளும் ஏறும். வாடகை வேண்டாம். ஆனா அது அங்க முட்டை வெச்சா முட்டை என்றது. வெள்ளிக்கெழமை எறைச்சிக்காரன் வந்தா எதுக்கும் அதைக் கண்ணுல காட்டாத. உன்ற சில்க்கியை அந்தச் செவலை கொத்திப்போட்டுச்சுன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது. மொதல்லயே சொல்லிப்போட்டேன்.

அப்பறம் அந்த ஸ்டீல் பைப்பு ரெண்டையும் கழட்டி வெச்சா இங்க கொண்டாந்து போடு. பீர்க்கங்கொடிக்குப் பந்தல் சாஞ்சு கெடக்குது.